உறைமோரும் தலைமைப் பாடமும்

வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டால் விடிவதற்குள் தயிராகிவிடுகிறது. மோரில் உள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. அந்தப் புளிப்பில் புரதம் திரண்டு உறைகிறது. சுயமுன்னேற்றப் புத்தகம் வேலை செய்வதும் இப்படித்தான். புத்தகம் உறைமோர். பால் என்பது நம் கடை, பட்டறை, அலுவலகம், அங்கே நம்மோடு உழைக்கும் ஆட்கள். பாலே இல்லாமல் மோரை மட்டும் கிண்ணம் கிண்ணமாகச் சேர்த்து என்ன பயன்?

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட், டேல் கார்னகியின் ‘ஹவ் டு வின் ஃபிரண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளுயன்ஸ் பீப்பிள்’ புத்தகத்தைச் சிறுவயதிலேயே படித்துவிட்டார். ஆனாலும் நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றாலே அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும். இருபதைத் தாண்டியதும் ஒமாஹாவில் 100 டாலர் கட்டி கார்னகி பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். அங்கே எழுந்து நின்று பேசியே ஆகவேண்டும். வகுப்பு முடிந்த கையோடு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் முதலீடு பற்றி மாலை வகுப்பு எடுக்கப் போனார். இடைவெளி விட்டால் பயம் திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். பின்னாளில் அலுவலகச் சுவரில் கல்லூரிப் பட்டத்தை மாட்டாமல் அந்தப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்தார்.

கார்னகியின் புத்தகமே வகுப்பில் உறைந்ததுதான். 1912-இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் மாலை வகுப்பு தொடங்கினார். பிற்பாடு, மனிதர்களோடு பழகும் விதிகளை அஞ்சலட்டை அளவு அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தார். படித்தவர்கள் வேலையிடத்தில் செய்துபார்த்துவிட்டு வந்து நடந்ததைச் சொன்னார்கள். அட்டை வளர்ந்து வளர்ந்து 1936-இல் புத்தகமாயிற்று.

அடுத்தது சூடு. பால் கொதித்தால் நுண்ணுயிர் செத்துவிடும், ஆறிப்போனால் உறையாது. கணக்கில் பிழை விட்ட கடைப் பையன் மீது கோபம் தலைக்கேறிய நேரத்தில் எந்த அத்தியாயமும் ஞாபகத்துக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாய்ந்தபடி படிக்கும்போதோ எல்லாமே சரியென்று படும், எதுவும் ஒட்டாது. நாளைக் காலை அவனிடம் பேச வேண்டும் என்று தெரிந்திருக்கும் இன்றிரவுதான் சரியான பதம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற முறை இங்கே கைகொடுக்கும்: “பில்லில் தப்பு தெரிந்தால், முதலில் ‘என்னப்பா ஆச்சு?’ என்று கேட்பேன்.” பொதுவாக ‘பொறுமையாக இருப்பேன்’ என்று தீர்மானிப்பதைவிட இது நிறைவேற வாய்ப்பு அதிகம்.

உறை விட்ட பாத்திரத்தை ஆட்டக்கூடாது. ஒரு விதி கைக்குப் பழகும் முன்பே அடுத்த புத்தகத்துக்குத் தாவாதீர்கள்.

கெட்டுப்போயிருக்கிறதா என்று மோரை முகர்ந்தும் பார்க்க வேண்டும்; புத்தகத்தையும் அப்படித்தான். ஜிம் காலின்ஸ் 2001-இல் ‘குட் டு கிரேட்’ புத்தகத்தில் மகத்தானவை என்று 11 நிறுவனங்களைக் காட்டினார். அவற்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008-இல் திவால் மனு கொடுத்தது. ஜெயித்தவர்களிடமிருந்து பின்னோக்கிக் கதை சொல்லும் புத்தகங்களில் இந்த ஆபத்து உண்டு. வாங்கும் முன் வெளியான ஆண்டைப் பாருங்கள். அதில் புகழப்பட்டவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்றும் தேடிவிடுங்கள்.