ஸ்டீரிங்கில் ஆட்டம் வந்தால்



பால்மரம் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்குப் பாலின் பயணம் நன்றாகத் தெரியும். மங்கிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து ஸ்டோருக்கு, ஸ்டோரிலிருந்து லோரிக்கு. அதற்குப் பிறகு அது என்ன ஆகிறது என்று கேட்டால், டயர் என்போம், கையுறை என்போம். இன்னோர் இடத்திலும் அது இருக்கிறது. காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால், இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே, கோழிமுட்டை அளவில் ஒரு ரப்பர்த் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டறைக்காரர்கள் அதைப் 'புஷ்' என்பார்கள். கார் கோணாமல் போவதற்கும், ஸ்டீரிங் நம் கைக்கு அடங்குவதற்கும் அந்தத் துண்டும் அதன் அக்கம்பக்கத்து உறுப்புகளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கும் என் தாய்மாமனின் கார்தான் கற்றுக்கொடுத்தது.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையைப் பிடித்து வடகிழக்கே போய்க்கொண்டே இருந்தால், அப்பர் சிராங்கூன் சாலையைத் தாண்டிப் பொங்கோல் வரும். அதன் கடல்முனையில் நின்று பார்த்தால் ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில் நம் பாசிர் கூடாங் தெரியும். மாமா ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது பொங்கோலில் கம்பத்து வீடுகளும் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் இருந்தன. பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றும் லோரி ஓட்டினார். 1990 வாக்கில் பன்றிப் பண்ணைகள் போய்விட்டன. 1996-இல் 'பொங்கோல் 21' என்ற நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மாமாவும் அவற்றுள் ஒன்றில் குடியேறினார்.

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பது விளையாட்டுக் காரியமன்று. 1990 முதல் அங்கே வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் இருக்கிறது. சான்றிதழுக்கு ஆயுள் 10 ஆண்டு. அது முடிந்ததும் காரை விட்டுவிட வேண்டும். அல்லது மறுபடியும் பணம் கட்டி, 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ நீட்டிக்க வேண்டும். மாமா 5 ஆண்டுக்கு நீட்டித்தார். கட்டிய பணத்தை எண்ணிப் பார்த்தால், அந்தப் பழைய காரை ஒழுங்காக வைத்துக்கொள்ளாமல் வேறு வழி இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு. கார் மூன்று வயதைத் தொட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து வயதைத் தாண்டியபின் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது.

ஒரு தீபாவளி விடுமுறைக்குப் போயிருந்தபோது அந்தக் காரை ஓட்டினேன். பலமாடிக் கார்ப்பேட்டையின் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடப்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். தெம்பனீஸ் விரைவுச்சாலையில் கார் நேராகப் போக மறுத்தது. ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பிரேக்கை அழுத்தினால் ஒரு பக்கமாக இழுத்தது. "வயசாச்சு மாப்பிள்ளை, எனக்கும் முட்டி இப்படித்தான் சத்தம் போடுது" என்று மாமா சிரித்தார். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. அதற்கு முந்திய மாதமே ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், இரண்டு முன் அப்சோர்பர்களையும் மாற்றியிருந்தார். நல்ல செலவு. சத்தம் மட்டும் போகவில்லை. சோதனை நிலையத்தில் காரை நிறுத்தி, அடியில் பார்த்தவர் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார்: இடப்பக்கத்துப் பால் ஜாயிண்ட்டில் ஆட்டம், கார் தேறவில்லை.

பால் ஜாயிண்ட் என்றதும் நம் ரப்பர்ப் பாலை நினைத்துவிடாதீர்கள். இந்தப் 'பால்' ஆங்கிலத்துப் பந்து. ஒரு கிண்ணத்துக்குள் ஓர் இரும்புப் பந்து உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்புமே, அந்த மூட்டு.

இப்போது முன்சக்கரம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். நம்மிடையே ஓடும் சிறு கார்களில், 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த கஞ்சில் உட்பட, பெரும்பாலானவற்றில் 'மெக்பர்சன்' என்ற பொறியியலாளரின் பெயரால் வழங்கும் அமைப்பே உள்ளது. உங்கள் கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள். உள்ளங்கைதான் சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் காரின் உடம்போடு சேரும் இடம். அங்கேதான் ரப்பர்ப் புஷ் இருக்கிறது. கை, 'லோவர் ஆர்ம்' எனப்படும் கீழ்க்கை. மணிக்கட்டு இருக்கும் இடத்தில் பால் ஜாயிண்ட். மேலிருந்து ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் சேர்ந்த ஒரு தூண் இறங்கிச் சக்கரத்தைப் பிடித்திருக்கும். இதற்குமேல் ஸ்டீரிங்கிலிருந்து வரும் ஒரு மெல்லிய கம்பி சக்கரத்தை இடமும் வலமும் தள்ளும். அதன் முனையிலும் ஒரு சிறு பந்து மூட்டு உண்டு. அதற்கு 'டை ராட் எண்ட்' என்று பெயர்.

தோள் கழன்றவன் கையால் நேராகக் கோடு போட முடியுமா? புஷ் கிழிந்த காரும் அப்படித்தான். நீங்கள் பிரேக்கை அழுத்தும்போது சாலை சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ரப்பர் நன்றாயிருந்தால் அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொள்ளும். கிழிந்திருந்தால் சக்கரம் சற்றே பின்னால் போய், சற்றே திரும்பியும் விடும். பெரும்பாலான சிறு கார்களில் இரு முன்சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளிக்கும் பின்விளிம்பு இடைவெளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரிரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வைக்கிறார்கள். அந்தக் கணக்கில், ஒரு விரல் நகக் கனத்துக்குப் புஷ் நகர்ந்தாலும் போதும். கார் இழுக்கும், டயரின் ஓரம் அரம்போல் தேயும், ஸ்டீரிங் 'செத்துப்போன' மாதிரி இருக்கும்.

புஷ் கெட்டால் தொல்லை. பால் ஜாயிண்ட் கெட்டால் ஆபத்து. இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தைச் சுற்றி ஒரு ரப்பர் உறை இருக்கும், உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மழைநீரும் மணலும் உள்ளே போகும். நம் செம்மண் பாதையின் பொடி இந்த வேலைக்கு நல்ல அரப்பொடி. பந்தும் கிண்ணமும் தேய்ந்து, ஒரு நாள் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். சக்கரத்தின் அடிப்பக்கம் வெளியே சாயும். கார் அந்த மூலையில் தரையில் உட்காரும். ஸ்டீரிங்கைத் திருப்பிப் பயனில்லை. இது தோட்டத்து முகப்பில் மெதுவாகத் திரும்பும்போது நடந்தால் வெறும் அவமானம். பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் போகும்போது நடந்தால்? பழைய மோரிஸ் மைனர் ஓட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1948-இல் வந்த அந்தக் காரில் சக்கரத்தின் அடியில் திருகுமரை வெட்டிய ஒரு மூட்டு உண்டு. தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். மறந்தவர்களுக்குச் சக்கரம் மடங்கிப் பாடம் சொன்னது.

சிங்கப்பூரில் சட்டம் காரின் அடியில் எட்டிப் பார்க்கிறது. தோட்டத்தில், பத்துக் கை மாறி வந்த காருக்கு யார் பார்ப்பார்? நாம்தான் பார்க்க வேண்டும். முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள்; பல 'ஸ்டீரிங் கோளாறு' அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து, காரைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டீரிங்கை நான்கு விரற்கடை அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் டை ராட் முனையைக் கவனிக்கட்டும். கம்பி அசைந்து சக்கரம் அசையாமல் இருந்தால் அந்த மூட்டில் தேய்வு. பிறகு பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரும்புத் தாங்கியில் நிறுத்துங்கள். செங்கல் வேண்டாம், பாரத்தில் நொறுங்கும். காரின் அடியில் தலையை நுழைக்கவும் வேண்டாம். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு சக்கரத்துப் பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டைச் சந்தேகியுங்கள். சந்தேகம் வந்தபின் பட்டறைக்குத்தான் போக வேண்டும். சந்தைக்குப் போகக் கூடாது.

மாமா காரைக் காக்கி புக்கிட்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். நானும் உடன் போனேன். கீழ்க்கையைக் கழற்றிக் காட்டினார். பின்பக்கப் புஷ்ஷின் ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்து, வாய் பிளந்து சிரித்தது. புதிய அப்சோர்பர் பாவம், என்ன செய்யும்?

அங்கேதான் மாமாவின் மகனுக்கும் மெக்கானிக்குக்கும் வாதம் வந்தது. "ரப்பர் வேண்டாம் அங்கிள். பாலியுரிதேன் புஷ் போட்டால் ஸ்டீரிங் இன்னும் கூர்மையாய் இருக்கும்" என்றான் தம்பி. சிவப்பிலும் மஞ்சளிலும் வரும் அந்தக் கெட்டிப் புஷ்களைப் பார்த்திருப்பீர்கள். அவன் சொன்னது பொய்யன்று. பாலியுரிதேன் ரப்பரைவிட விறைப்பு, எண்ணெய்க்கும் அசையாது, சக்கரம் நழுவ இடம் கொடாது. பந்தயக்காரர்கள் விரும்புவது அதனால்தான். ஆனால் அந்த விறைப்புக்கு விலை உண்டு. சாலையின் ஒவ்வொரு கல்லும் இருக்கைக்கு வந்து பேசும். பெரும்பாலானவை குழாயோடு ஒட்டாமல் அதன்மேல் சுழல்பவை. அதற்கான கிரீஸ் வற்றினால் கதவுபோல் கிரீச்சிடும்.

இயற்கை ரப்பர் வேறு சாதி. இலட்சக்கணக்கான முறை முறுக்கினாலும் எளிதில் கிழியாது. அதிர்வைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்கும்போது அதிகம் சூடாவதும் இல்லை. இதனால்தான் புஷ்ஷுக்கும் எஞ்சின் தாங்கிக்கும் இன்றும் அதை நாடுகிறார்கள். பச்சைப் பாலுக்கு இந்தக் குணம் இல்லை. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்ட பிறகுதான் வெயிலில் உருகாத, குளிரில் விறைக்காத ரப்பர் கிடைத்தது. சிங்கப்பூருக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. 1877-இல் அங்குள்ள தாவரத் தோட்டத்துக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888-இல் அதன் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். நம் பாட்டன்மார் கையில் பால்வெட்டுக் கத்தி வந்த கதையின் தொடக்கம் அங்கே இருக்கிறது. அந்தப் பால் கப்பலேறிப் போய், புஷ்ஷாகித் திரும்பி வருகிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ரப்பருக்கும் பகை உண்டு. எண்ணெய் அதில் முதல். சத்தம் போடுகிறது என்று புஷ்ஷில் எஞ்சின் எண்ணெயோ கிரீஸோ தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ரப்பர் வளையத்தை இரவு முழுவதும் மண்ணெண்ணெயில் போட்டுவைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள். ஊதி, வலுவிழந்து போயிருக்கும். புஷ்ஷும் அப்படித்தான் ஆகும்.

கடைசியில் மாமா ரப்பர்ப் புஷ்ஷே போடச் சொன்னார். "நான் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு ஏத்திட்டுப் போறவன். பந்தயத்துக்குப் போகலே" என்றார். குடும்பக் காருக்கு என் எண்ணமும் அதுவே. தேய்ந்ததை எடுத்துவிட்டு நல்ல தரமான புது ரப்பரைப் போடுவதே பெரிய முன்னேற்றம். புதுக் கார் வாங்கிய அன்று இருந்த ஸ்டீரிங் திரும்பி வரும். பால் ஜாயிண்ட், புஷ் இரண்டையும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினார்கள்.

மாட்டும்போது அந்தப் பெரியவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் நீங்கள் உங்கள் போமனிடம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். புஷ்ஷின் போல்ட்டுகளை முதலில் இலேசாகத்தான் முடுக்கினார். சக்கரம் தரையில் ஊன்றி, காரின் பாரம் முழுவதும் அதன்மேல் இறங்கிய பிறகே இறுக்கினார். ஏன் தெரியுமா? ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. அது சுழலாது, முறுக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ வேண்டும். ஈரத் துணியைப் பிழிந்தபடியே வைத்திருப்பது போல. புது ரப்பராய் இருந்தாலும் சீக்கிரமே கிழிந்துபோகும். "ஒரிஜினல் சாமான் போட்டும் ஆறு மாசந்தான் வந்தது" என்று புலம்புகிறவர்களில் பலருடைய கதை இதுதான் என்று அவர் சொன்னார்.

அதன்பின் சக்கர அலைன்மெண்ட் பார்த்தார்கள். கீழ்க்கையையோ டை ராட்டையோ கழற்றி மாட்டினால் இது கட்டாயம்; இதை மிச்சம் பிடித்தால் டயரில் செலவாகும். மறுவாரம் கார் சோதனையில் தேறியது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை வந்து போல்ட்டுகளைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார் பெரியவர். மாமா மறக்காமல் போனார். அப்போது இன்னொன்றையும் கையோடு பார்த்துக்கொண்டார்: வலப்பக்கத்து டை ராட் உறையில் ஒரு சிறு வெடிப்பு. கிரீஸ் இன்னும் வெளியே வரவில்லை. உறையை மட்டும் மாற்றினார்கள். சில வெள்ளியோடு முடிந்தது.