பனி வீசும் யந்திரம்

கோலார் தங்கவயலில் வெண்பனி பெய்வதில்லை. எனினும், 1964-இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் அங்கு புல்டோசர்களைச் செய்துவருகிறது. இமயமலைச் சாலைகளில் புல்டோசர் பனியைத் தள்ளி ஒதுக்கும். பனி வீசும் யந்திரமோ அதனைச் சுழலும் திருகினால் வாரி, விசிறியினால் குழாய்வழியே தொலைவில் எறியும்.

பெட்ரோலால் இயங்கும் சிறு யந்திரமாயின், எஞ்ஜின் ஆறிய பின்பே, திறந்த வெளியில் பெட்ரோல் ஊற்றுதல் வேண்டும். கொட்டகைக்குள் அதனை ஓட்டினால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு உயிரைப் போக்கும். கல், கம்பி முதலியவற்றை முன்னரே அகற்றுதல் நன்று.

குழாயில் அடைத்துக்கொண்ட ஈரப்பனியைக் கையால் எடுக்கும்போதே விரல்கள் துண்டிக்கப்படுகின்றன. எஞ்ஜின் நின்ற பின்னும், உள்ளே தங்கிய இறுக்கத்தால் விசிறி சற்றே சுழலக்கூடும். ஆதலின் எஞ்ஜினை நிறுத்திச் சிறிது பொறுத்து, நீண்ட கோலினாலேயே அடைப்பை நீக்குக.