கூறியது கூறலும் இணையச் சுருக்கமும்

நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றம் பத்தினுள் குன்றக் கூறலையும் கூறியது கூறலையும் எண்ணினார். அழகு பத்தினுள் சுருங்கச் சொல்லுதலை முதலிலும் விளங்க வைத்தலை அதனையடுத்தும் நிறுத்தினார். ஏடெழுதுவோர்க்கு வகுத்த இவ்விதி, இணையச் சேவையகத்தை அமைப்போர்க்கும் பொருந்துவதாகும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இஃது இன்றியமையாததாதற்குக் காரணம் உண்டு. ஒருங்குறியின் யூ.ரி.எவ்.-8 முறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்றில் அடங்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று கொள்ளும். அகரவுயிர்மெய் ஒழிந்த ஏனை உயிர்மெய்களும் புள்ளி பெற்ற மெய்களும் இவ்விரு குறிகளால் ஆவன. ஆகவே ‘திருகோணமலை’ என்னும் பெயர் 10 குறிகளும் 30 பைற்றும் ஆகும்; ஆங்கிலத்தில் எழுதும் அதே பெயர் 11 பைற்றே. தரவை அளவிட்டு விலைகொடுத்து வாங்கிக் கைப்பேசியிற் படிக்கும் மூதூர் மாணவனுக்குத் தாய்மொழியிற் படிப்பதே மிகுசெலவாக முடிகின்றது.

ஆயினும் இப்பெருக்கம் பொருளின் மிகுதியால் வந்ததன்று. அம்மூன்று பைற்றினுள் முதலாவது எக்காலும் 224. இரண்டாவது 174 அல்லது 175. எழுத்துக்களை வேறுபடுத்துவது பெரும்பாலும் மூன்றாவதே. இது கூறியது கூறலேயன்றோ? 1977 இல் லெம்பெல், சிவ் என்னும் அறிஞர் இருவர் வகுத்த முறை, முன்வந்த தொடர் மீள வருமிடத்து அதனைத் திரும்ப எழுதாது, ‘இத்துணைத் தொலைவு பின்சென்று இத்துணை எடுத்துக்கொள்க’ எனச் சுட்டிவிடும். 1952 இல் ஹவ்மன் கண்ட முறை, மிகுதியாக வருவனவற்றிற்குக் குறுங்குறியும் அருகி வருவனவற்றிற்கு நெடுங்குறியும் வழங்கும். இவ்விரண்டன் கூட்டைக் கையாள்வதே 1992 இல் வெளிவந்த ஜீ-சிப். இதில் ஒரு பைற்றும் இழக்கப்படுவதில்லை. ஆதலின் குன்றக் கூறல் என்னும் குற்றம் சாராது.

எஞ்சின்-எக்ஸ் சேவையகத்தில் இவ்வசதி இயல்பாக மூடப்பட்டிருக்கும். திறந்த மாத்திரத்தில் எச்.ரி.எம்.எல். பக்கம் மட்டுமே சுருங்கும். நடைத்தாள், நிரல், தரவுக் கோப்பு ஆகியவற்றின் வகைகளைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். தவறு நேர்வது பெரும்பாலும் இவ்விடத்தே. ஜே.பெக். படம் முன்னரே சுருங்கியது. அதனை மீளச் சுருக்குதல் வீண் உழைப்பு. ஜீ-சிப் உறைக்கே 18 பைற்று வேண்டுதலின், மிகச் சிறிய கோப்பு சுருக்கத்தாற் பெருத்தலும் உண்டு.

அமைத்தலினும் சோதித்தல் தலையாயது. உலாவி தான் அறிந்த சுருக்க முறைகளை வேண்டுகோளின் தலைப்பிற் கூறும். சேவையகம் தான் கையாண்ட முறையை விடையின் தலைப்பிற் கூறும். உலாவியின் உருவாக்குநர் கருவியில் வலையமைப்புப் பகுதியைத் திறந்தால், விடைத்தலைப்பில் ஜீ-சிப் என்னும் பெயர் உளதா என்பதும், கடத்திய அளவு உண்மையளவினும் குறைந்ததா என்பதும் புலனாகும். பின்னர்ச் சுருக்கம் அறியாத உலாவியைப் போல வேண்டுகோள் விடுத்து, விரிந்த பக்கமே வருகின்றதா என நோக்குதல் வேண்டும். இடையிலுள்ள தேக்ககம் ஒருவர்க்குரிய வடிவத்தை மற்றொருவர்க்கு வழங்காதிருக்க, ‘வேரி’ என்னும் தலைப்பும் விடையில் இருத்தல் வேண்டும். இன்றேல் படிப்போன் பக்கத்திற்கு மாறாக விளங்காக் குறிகளைக் காண நேரும். சுருக்கம் இருந்தும் விளக்கம் இராது.

தமிழெழுத்து இடம் மிகக் கொள்கின்றதெனக் கருதி ஆங்கில எழுத்திற் தமிழை எழுதப் புகுதல் வேண்டா. சுமை எழுத்தின்கண் உள்ளதன்று. அதனை அனுப்பும் முறையின்கண் உள்ளது. சேவையகத்திற் சில வரிகளைத் திருத்தி, திருத்தியதைச் சோதித்தும் பார்ப்போர், கொட்டியார் விரிகுடாவிற்கு அப்பாலுள்ள மாணவன் தன் மொழியிற் படிக்கக் கொடுக்கும் விலையைக் குறைத்தவராவர்.