வீட்டுப் பூனையை எப்போதெல்லாம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

நெல் மூட்டையும் கடலை மூட்டையும் அடுக்கி வைத்திருக்கும் வீடுகளில் பூனை ஒன்று இருப்பது வழக்கம். கறவை மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டாலும் கால்நடை மருந்தகத்துக்கு ஓடுகிறோம். ஆனால் பூனைக்காக ஒரு நாளும் போவதில்லை. 'அது எலியைத் தின்று தானே பிழைத்துக்கொள்ளும்' என்று இருந்துவிடுகிறோம். இது சரியல்ல. பூனைக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை தேவை. பூனையின் நலனுக்காக மட்டுமல்ல, அதைத் தூக்கி விளையாடும் நம் வீட்டுக் குழந்தைகளின் நலனுக்காகவும் இது அவசியமாகும்.

பிறந்து நான்கு மாதம் ஆகும் வரை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறையும், வளர்ந்த பூனையை ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து வயதைத் தாண்டிய பூனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் காட்ட வேண்டும். நோய் கண்டால் உடனே காட்ட வேண்டும்.

ஏன் ஆண்டுக்கு ஒரு முறை?

பூனை தன் நோயை வெளியே காட்டாத பிராணி. மாடு அசை போடாவிட்டால் நமக்குத் தெரிகிறது. பூனையோ வலி வந்தால் பரணிலும் வைக்கோல் போரிலும் போய் ஒடுங்கிக்கொள்ளும். நமக்குத் தெரியவரும்போது நோய் முற்றியிருக்கும்.

பூனைக்கு வயதும் வேகமாக ஏறுகிறது. ஒரு வயதுப் பூனை 15 வயது மனிதனுக்குச் சமம். இரண்டு வயதில் 24 வயது மனிதனுக்குச் சமமாகிறது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மனிதனின் நான்கு ஆண்டுக்குச் சமம் என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை காட்டுவது என்பது, மனிதன் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரைப் பார்ப்பது போன்றதே.

பரிசோதனையின்போது மருத்துவர் எடை, பல், ஈறு, காது, கண், தோல், வயிறு ஆகியவற்றைப் பார்ப்பார். இவற்றில் எடை முக்கியமானது. நான்கு கிலோ பூனை அரை கிலோ இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது உடலில் எட்டில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏழரை கிலோ இளைப்பதற்கு அது சமம்.

குட்டிகளுக்குத் தடுப்பூசி

குட்டிகளை அதிகம் கொல்வது 'பான்லுகோபீனியா' என்ற வைரஸ் நோய். காய்ச்சல், வாந்தி, கழிச்சல் கண்டு குட்டி சில நாட்களில் இறந்துவிடும். இந்த வைரஸ் வீட்டிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுவதும் செத்துப்போன வீட்டில் உடனே வேறு குட்டி கொண்டுவந்தால் அதுவும் சாவது இதனால்தான்.

இதற்கும், பூனைகளுக்கு வரும் சளி நோய்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட வேண்டும். பின்னர் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒன்றாக, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும் வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் உள்ளவரை ஊசி மருந்து சரிவர வேலை செய்யாது. அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் பல தவணை. ஒரு வயதுக்குள் மறு ஊசி போட்டபின், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை போடுவது என்பதை மருத்துவர் சொல்வார். இந்த ஊசி எல்லா மருந்தகங்களிலும் இருப்பில் இராது. முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நல்லது.

வெறிநோய் ஊசி கட்டாயம்

வெறிநாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதல்ல. வெறிநாயோ நரியோ கீரியோ கடித்த பூனைக்கும் அது வரும். அந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் மனிதருக்கும் வரும். நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்ற வழியில்லை. ஆகவே மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு ஆண்டுதோறும் மறு ஊசியும் போட வேண்டும்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. 'நம் வீட்டுப் பூனைதானே' என்று இராமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று காட்ட வேண்டும்.

குடற்புழு நீக்கம்

உருண்டைப் புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகின்றன. மூன்று வார வயதில் தொடங்கி ஒன்பது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பின்பு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் மருந்து கொடுக்க வேண்டும். எலி பிடிக்கும் பூனைக்கு அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படும். ஆசனவாயைச் சுற்றி அரிசி போல ஒட்டியிருந்தால் அது நாடாப் புழு. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாகக் கொடுக்கக் கூடாது.

பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினையாகிவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று போடும். குட்டிகள் வேண்டாமெனில், ஐந்தாவது மாதத்தில் கருத்தடை அறுவை பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வயதான பூனை

பத்து வயதுக்கு மேல் சிறுநீரகமும் பல்லும் பழுதாகும். சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெட்ட பின்னரே வெளிக்குறிகள் தெரியும். அதிகமாகத் தண்ணீர் குடித்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், இளைத்துப் போதல் ஆகியவை அதன் அறிகுறிகள். முன்கூட்டியே கண்டால் உணவை மாற்றி, மருந்து கொடுத்து இன்னும் சில காலம் நலமாக வைத்திருக்கலாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி உட்கார்ந்து ஒன்றும் வராவிட்டால் அன்றே கொண்டுசெல்ல வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் இரண்டொரு நாளில் இறந்துவிடும். வளர்ந்த பூனை முழுதாக ஒரு நாள் உண்ணாவிட்டாலும் காட்ட வேண்டும். சில நாட்கள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, எலி மருந்து தின்றதாகச் சந்தேகம் ஆகியவையும் அவசரமே. சாதுவான பூனை திடீரென்று சீறிக் கடிக்க வந்தால் கையால் பிடிக்காமல், குழந்தைகளை விலக்கிவிட்டு மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். காய்ச்சலுக்கு நாம் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொன்றுவிடும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளையும் பூனைமீது தெளிக்கக் கூடாது. மாட்டுக்குத் தெளிக்கும் நாளில், மாட்டின் உடலும் தொழுவமும் நன்கு காயும் வரை பூனையை அங்கே விடக் கூடாது.

கொண்டுசெல்லும் முறை

கோணியில் கட்டிச் சென்றால் பூனை மிரண்டு கடிக்கும், மூச்சும் முட்டும். காற்றோட்டமுள்ள மூடிபோட்ட கூடையில், பழைய துணி ஒன்றை விரித்துக் கொண்டுசெல்லலாம். நாலைந்து நாள் முன்பே அந்தக் கூடையை வீட்டில் வைத்து அதிலேயே உணவு வைத்தால் பூனை தானாக ஏறிக்கொள்ளும். மருந்தகத்தில் நாய்களுக்கு அருகில் கூடையை வைக்க வேண்டாம்.

ஊசி போட்ட தேதியையும் அன்றைய எடையையும் ஒரு அட்டையில் குறித்து, மாட்டுக்கான தடுப்பூசிக் குறிப்புகளோடு சேர்த்து வைக்க வேண்டும். மாட்டுப் பொங்கல் முடிந்த வாரத்தில் பூனையைக் காட்டுவது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுதோறும் மறக்காது. இதுவரை வெறிநோய் ஊசி போடாத பூனை வீட்டில் இருந்தால் அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே கொண்டுசெல்ல வேண்டும்.