ஸ்கேனர் வாங்கினால் போதுமா? - பண்பாட்டு நிறுவனங்களில் செயல்முறை மேலாண்மை

நூலகம், ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சேகரிப்பு. எத்தனை நூல்கள், எத்தனை சுவடிகள் என்றுதான் கேட்போம். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கோ அது ஒரு ஓட்டம். பொருள் வந்து சேர்கிறது, எண் பெறுகிறது, படமெடுக்கப்படுகிறது, பட்டியலில் ஏறுகிறது, பெட்டிக்குள் போகிறது, யாராவது கேட்டால் வெளியே வருகிறது. இந்த ஓட்டத்தை வரைந்து, அளந்து, சீர்செய்வதுதான் செயல்முறை மேலாண்மை. தொழிற்சாலைகளில் வளர்ந்த இந்தத் துறை இங்கே எதற்கு உதவும், எங்கே உதவாது என்பது பற்றிய குறிப்பு இது.

எங்கே தேங்குகிறது?

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு சிறிய நூலகத்தில் வாரம் 50 நூல்கள் ஸ்கேன் ஆகின்றன. பட்டியலாக்கம் செய்பவர் ஒருவர்தான். அவரால் வாரம் 20 நூல்களே முடியும். மீதி 30 தேங்கும். ஓர் ஆண்டில் 1,560 நூல்களின் கோப்புகள் வன்தட்டில் கிடக்கும். இருக்கும், ஆனால் தேடினால் கிடைக்காது.

இப்போது நிதி கிடைத்தால் என்ன செய்வோம்? பெரும்பாலும் இன்னொரு ஸ்கேனர்தான் வாங்குவோம். நன்கொடையாளருக்குக் காட்டவும் அது வசதி. ஆனால் வாரம் 100 நூல்கள் ஸ்கேன் ஆனால் தேக்கம் 80 ஆகிவிடும், ஆண்டுக்கு 4,160. காசு செலவழித்துச் சிக்கலைப் பெரிதாக்கியிருக்கிறோம்! ஒரு ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் மிக மெதுவான படிதான். வேறு எந்தப் படியை வேகப்படுத்தினாலும் குவியல்தான் வளரும்.

"எத்தனை பக்கம் ஸ்கேன் செய்தோம்" என்று மட்டும் ஆண்டறிக்கையில் எழுதும் வரை இது கண்ணில் படாது. ஒரு நூல் வாசலில் வந்த நாளுக்கும், வாசகர் அதைத் தேடி எடுக்கக்கூடிய நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று அளந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

எதைக் குறைக்கலாம்?

2005இல் மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆவணவியலாளர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஒவ்வொரு தாளிலும் உள்ள கிளிப்பைக் கழற்றி, ஒவ்வொரு கோப்பையும் ஒழுங்குபடுத்தி முடித்த பிறகுதான் ஆய்வாளருக்குக் கொடுப்போம் என்றால், குவியல் ஒருநாளும் தீராது. முழுத் தொகுப்புக்கும் ஒரு சுருக்கமான விவரிப்பு எழுதி முதலில் திறந்துவிடுங்கள். தேவைப்படும் இடத்தில் மட்டும் ஆழமாகப் போங்கள் என்றார்கள். அது கடுமையான விவாதத்தைக் கிளப்பினாலும், பல காப்பகங்களின் நடைமுறையையே மாற்றியது.

எதைக் குறைக்கக்கூடாது?

இங்கேதான் கவனம் வேண்டும். 2023 ஆகஸ்டில் பிரித்தானிய அருங்காட்சியகம் தன் பொருட்கள் சில காணாமல் போயும், திருடப்பட்டும், சேதமடைந்தும் இருப்பதாக அறிவித்தது. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 2,000 என்று பின்னர் தெரியவந்தது. காட்சிக்கு வைக்கப்படாத சிறு மணிக்கற்களும் நகைகளும் அவற்றில் அடக்கம். பல பொருட்களுக்குத் தனிப் பதிவே இருக்கவில்லை. பதிவில் இல்லாத பொருள் திருடுபோனால், போனது என்று எப்படித் தெரியும்? சந்தையில் அது விற்பனைக்கு வந்தால், நம்முடையது என்று எப்படி நிறுவுவது? இயக்குநர் பதவி விலகினார். அதன் பிறகு 24 இலட்சம் பதிவுகளை ஐந்து ஆண்டுகளில் இணையத்தில் ஏற்றவோ மேம்படுத்தவோ திட்டம் அறிவிக்கப்பட்டது.

அங்கே பூட்டு, காவல் எல்லாம் இருந்தன. விடுபட்டது ஒரு படி.

கிரீன், மைஸ்னர் சொன்னது தாள் தொகுப்புகளுக்கு. தனித்தனியாக எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய நாணயத்துக்கும் மணிக்கல்லுக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. அருங்காட்சியக நடைமுறைகளுக்கான பிரித்தானியத் தரமான ஸ்பெக்ட்ரம், தன் 5.0 பதிப்பில் 21 செயல்முறைகளை வரையறுத்து, அவற்றில் ஒன்பதை முதன்மையானவை என்கிறது. பொருள் உள்ளே வருதல், இருக்குமிடமும் நகர்வும், இருப்புக் கணக்கு, பொருள் வெளியேறுதல் ஆகியவை அந்த ஒன்பதில் உண்டு. இவை எல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: இந்தப் பொருள் எது, இப்போது எங்கே, கடைசியாக யார் கையில்?

ஆகவே படிகளை இரண்டாகப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன்:

- வாசலிலேயே முடிக்க வேண்டியவை: எண், ஒரு படம், ஒரு வரி விவரம், இருக்குமிடம், கொடுத்தவர் பெயர், தேதி. கைபேசியும் ஒரு விரிதாளும் போதும்.
- பிறகு செய்யக்கூடியவை: விரிவான விவரிப்பு, பொருள் வகைப்பாடு, உயர்தரப் படிமம், ஆய்வுக் குறிப்பு.

நாம் பல நேரம் தலைகீழாகச் செய்கிறோம். ஒரு நூலுக்கு முழுமையான மீதரவு எழுத ஒரு மணி நேரம் செலவாகும். பக்கத்தில் பத்துப் பெட்டிகள் எண்கூட இல்லாமல் இருக்கும்.

தொழிற்சாலை அல்ல

ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. தொழிற்சாலையில் பொருள் வெளியே போனதும் வேலை முடிந்தது. இங்கே பொருள் போவதில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள்தான் மாறுகிறார்கள். "அந்த அண்ணைக்குத்தான் தெரியும்" என்று ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கும் செயல்முறை, அவர் ஓய்வு பெறும் நாளில் போய்விடும். தன்னார்வலர்களை நம்பி இயங்கும் நம் நிறுவனங்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

தொடங்குவதற்கு மென்பொருள் வேண்டாம். அண்மையில் வந்த ஒரே ஒரு பொருளை எடுத்து, அது வாசலிலிருந்து அலமாரி வரை போன வழியை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறியது, ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் காத்திருந்தது என்று குறியுங்கள். அடுத்த ஸ்கேனரை வாங்குவதா, இன்னொரு பட்டியலாக்குநரைத் தேடுவதா என்பதை அந்தத் தாளே சொல்லும்.