திண்ணை வைத்த கச்சேரி

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளின் தகரக் கூரைகளைப் பார்த்தவாறு நடந்தபோது நமக்கு ஓர் எண்ணம் உதித்தது. இங்கே புதிதாக ஒரு சர்க்கார் கட்டடம் எழும்புவதானால் அது எந்த உருவில் எழும்ப வேண்டும்?

பெங்களூர் விதான சௌதாவை நேயர்கள் அறிவார்கள். 1951-ல் நேரு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியபோது திட்டம் எளியதாகவே இருந்தது. மறு ஆண்டு முதன் மந்திரியான கெங்கல் ஹனுமந்தய்யாவுக்கு அது போதவில்லை. எதிரிலோ வெள்ளையர் காலத்துச் சிவப்புக் கச்சேரி! மாணிக்கம் என்னும் கட்டட நிபுணரைக் கொண்டு, கருங்கல் தூண்களும் போதிகைகளும் குவிமாடமும் அமையப் படத்தை மாற்றினார். செலவு ஏறிற்று, கண்டனமும் ஏறிற்று. 1956-ல் மாளிகை முடிந்தது. அவ்வாண்டே அவருடைய பதவியும் போயிற்று.

அழகில் குறையில்லை. ஆயினும் மனுக் கொடுக்க வந்த குடியானவனைக் கோயிலின் கம்பீரம் சற்று மிரட்டத்தானே செய்யும்?

2023-ல் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகம் கோயிலை விட்டுச் செட்டிநாட்டு வீட்டைப் பின்பற்றியது: தூண்கள் தாங்கும் தாழ்வாரம், முற்றம், ஓட்டுக் கூரை.

தொண்டை நாட்டுக்கும் சொந்த முதல் உண்டு. திருப்பாசூரிலும் திருவொற்றியூரிலும் படுத்த யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாட விமானங்கள் உள்ளன. அவற்றைச் சிமெண்டில் வார்த்து மாடிமேல் ஏற்றுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த வளைவை ஒரு கூடத்துக்குக் கொடுக்கலாம். வாயிலில் வெயில் படாத நீண்ட திண்ணை போடலாம். தாசில்தாரைக் காண வந்த கிழவி காலை பத்து மணி முதல் உட்கார்ந்திருக்க இடம் வேண்டுமல்லவா?