உஷார்! அந்தப் பட்டனைத் தேய்க்காதீர்கள்

மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழைய ராணுவப் பட்டன் கையில் இருக்கிறதா? டூத் பிரஷையும் பாலிஷையும் முதலில் தூர வையுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த வர்ஜீனியா, டென்னசி, ஜார்ஜியா பக்கம் மெட்டல் டிடெக்டரோடு அலைகிறவர்களுக்கு இது அடிக்கடி வாய்க்கும். வாய்த்த அரை மணி நேரத்துக்குள் பாதிப் பேர் அதைப் பாழாக்கியும் விடுகிறார்கள்.

அந்தக் காலத்துப் பித்தளைப் பட்டன் பலவற்றின் மேல் தங்க முலாம் உண்டு. மெல்லிய பூச்சுதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல இதையும் துலக்கினால் முலாம் போகும், விலை போகும். எல்லாவற்றையும்விட மோசம், பின்பக்கத்தில் பொடியாகப் பொறித்திருக்கும் எழுத்தும் தேய்ந்துவிடும். எலுமிச்சை, வினிகர், சோடா எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் ஊறவிட்டு, இளகிய மண்ணைப் பல்குத்தும் குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள். பின்தட்டு இரும்பாக இருந்தால் அந்தத் தண்ணீரும் ஆகாது.

இனி அடுத்த ஆபத்து. முன்பக்கத்தில் கழுகைப் பார்த்தவுடன், போர் தொடங்கிய ஆண்டை நினைத்து, "1861!" என்று துள்ளுகிறார்கள். கழுகு எதற்கும் சாட்சி இல்லை. அமெரிக்க ராணுவம் 1902-இல் நாட்டின் பெரிய முத்திரையைப் பட்டனில் போட்டது. அந்தக் கழுகின் அலகில் வாசகம் எழுதிய நாடா இருக்கும், தலைக்கு மேல் நட்சத்திரக் கூட்டம் இருக்கும். அவை தெரிந்தால் அது உள்நாட்டுப் போரைப் பார்த்ததே இல்லை. முதல் உலகப் போர்க்காரருடையதாக இருக்கலாம், அதற்கும் பிந்தியதாக இருக்கலாம். நாடா இல்லை, மார்பில் கேடயம் மட்டும் என்றாலும் அவசரப்படாதீர்கள். சாதாரண சிப்பாய்க்கான அந்தக் கழுகு 1854-லிருந்து 1902 வரை ஓடியது. போர் நடந்ததோ அதில் நான்கே ஆண்டுகள்.

எழுத்துகளும் ஏமாற்றும். 'ஐ' காலாட்படை, 'சி' குதிரைப்படை, 'ஏ' பீரங்கிப்படை. இந்தக் குறிகளைப் போரிட்ட வடக்கு, தெற்கு ஆகிய இரு தரப்புமே வைத்திருந்தன. வடக்கின் அதிகாரிகளுக்குக் கழுகின் கேடயத்துக்குள் எழுத்து; தெற்கின் பட்டன்களில் எழுத்து தனியாகப் பெரிதாக நிற்கும். வர்ஜீனியா போன்ற மாநில முத்திரைப் பட்டன்கள் போருக்கு முன்பும் இருந்தன, பின்பும் இருந்தன. போர் முடிந்தபின் பழைய வீரர்கள் சங்கம் வைத்துச் சீருடை போட்டார்கள். வடக்குச் சங்கம் 1866-இல் தொடங்கியது, தெற்கினுடையது 1889-இல். அவர்கள் பட்டனைப் போர்க்களப் பட்டன் என்று விற்பவர்கள் உண்டு, நம்பி வாங்குபவர்களும் உண்டு.

அதனால்தான் சொல்கிறேன், பட்டனைத் திருப்புங்கள். உண்மை பெரும்பாலும் முதுகில் இருக்கிறது. கனெக்டிகட்டின் வாட்டர்பரி ஊர் ஸ்கோவில் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1840 முதல் 1850 வரை 'ஸ்கோவில்ஸ் அண்டு கோ' என்று பொறித்தார்கள். 1850-க்குப் பிறகு பெயரில் 'மேனுஃபாக்சரிங்' சேர்ந்தது. ஒரு சொல் போதும், பட்டன் எந்தப் பத்தாண்டுக்கு முந்தியது, எதற்குப் பிந்தியது என்று சொல்லிவிடும். தெற்கத்திப் படைக்கு லண்டனிலிருந்தும் பட்டன் வந்தது; அதில் 'லண்டன்' என்று இருப்பது இயல்பு. ஆனால் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். 'எக்ஸ்ட்ரா குவாலிட்டி', 'ட்ரெபிள் கில்ட்' என்றெல்லாம் இருப்பது வெறும் தர விளம்பரம். அதைக் கம்பெனி பெயர் என்று நினைத்துத் தேடி மாய்பவர்களும் இருக்கிறார்கள், பாவம்.

தெற்கு அரசின் பெயர்ச்சுருக்கமான 'சி.எஸ்.ஏ' பொறித்த பட்டன் விஷயத்தில் இரட்டை உஷார். அரிது, விலை அதிகம். ஆகவே போலியும் அதிகம். போர்க்காட்சிகளை நடித்துக் காட்டும் குழுக்களுக்காக நேர்மையாகவே செய்த நகல்கள் ஏராளம். தப்பு அங்கே இல்லை. அவற்றில் ஒன்றை மருந்து தடவி, மண்ணில் புதைத்து, பச்சை பூக்க வைத்து, "தோண்டி எடுத்தது" என்று நீட்டும் கையில் இருக்கிறது. அந்தப் பச்சை மாவுபோல விரலில் ஒட்டும். அசலை வைத்து வார்த்த போலியில் கோடுகள் மழுங்கி, சிறு துளைகள் தெரியும். ஆல்பர்ட், டைஸ் ஆகியோர் தொகுத்த பட்டன் நூல்கள் இருக்கின்றன. முன்னும் பின்னும் படம் எடுத்து, விட்டத்தை அளந்து, அவற்றோடு ஒப்பிட்ட பிறகு பர்ஸைத் திறங்கள்.

எங்கே தோண்டினீர்கள் என்பது இன்னும் பெரிய கேள்வி. தேசியப் பூங்காவாக இருக்கும் போர்க்களத்துக்குள் மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோவதே குற்றம். மத்திய அரசு நிலத்தில் நூறாண்டு தாண்டிய தொல்பொருளை அனுமதியின்றி எடுத்தால், 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறையே ஓராண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் வரலாம். பொருளின் மதிப்பு கூடினால் தண்டனையும் கூடும். பீட்டர்ஸ்பர்க் போர்க்களத்தில் ஆண்டுக்கணக்கில் தோண்டிய ஒருவருக்கு 2011-இல் 366 நாள் சிறை கிடைத்தது. எடுத்ததையெல்லாம் அவரே நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதுவே அவருக்கு எதிரான ஆதாரம் ஆனது. தனியார் நிலம் என்றாலும் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பட்டன் தேடும் குழியில் இரும்பு உருண்டை தட்டுப்பட்டால் அதோடு நிறுத்துங்கள். எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், காரில் ஏற்றாதீர்கள். 2008-இல் வர்ஜீனியாவில், பழைய குண்டுகளைக் கையாண்டு நெடுநாள் பழகிய ஒருவர் தன் வீட்டு வாசலில் உள்நாட்டுப் போர்க் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். ஒரு துண்டு கால் மைல் தள்ளி இன்னொரு வீட்டில் போய் விழுந்தது. அந்த வெடிமருந்துக்கு அப்போது 140 வயதுக்கு மேல். விலகி நின்று 911-க்கு போன் போடுங்கள்.